கொத்துக்குள் மோதும் கேலக்ஸிகள்: சேருமா, கடந்து போய்விடுமா?

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அந்தப் படம் உங்கள் கைப்பேசிக்கும் எப்படியும் வந்திருக்கும். இரண்டு சுருள் கேலக்ஸிகள், அதாவது சுருள் வடிவ நட்சத்திரப் பெருங்கூட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் கை நீண்டு மற்றதன் கைக்குள் போய்ச் சிக்கியிருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கம், ரோஜாப்பூ, முருகன் படம் என்று வரும் வரிசையில் இதுவும் சுற்றுகிறது, வானத்திலும் அன்பு உண்டு என்கிற மாதிரி ஏதாவது ஒரு வரியோடு. படத்தில் இருப்பவை என்ஜிசி 6050, ஐசி 1179. ஜோடியாகச் சொன்னால் ஆர்ப் 272. ஹப்பிளின் 18ஆம் ஆண்டு நிறைவுக்காக 2008 ஏப்ரலில் மோதும் கேலக்ஸிகளின் படங்கள் 59ஐ ஒரே மூச்சில் வெளியிட்டார்கள், அதில் ஒன்று இது.

படம் அழகுதான். ஆனால் அவை இரண்டும் கைகோப்பதைவிட, எந்த இடத்தில் இருந்துகொண்டு கைகோக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வெட்டவெளியில் தனியாகக் கிடக்கும் ஜோடி இல்லை அது. ஏபெல் 2151 என்று பட்டியலில் பதிவான ஹெர்குலிஸ் கேலக்ஸிக் கொத்துக்குள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு திரியும் இடத்தில் மோதிச் சேர்ந்துவிடுவது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. கொத்துக்குள் கேலக்ஸிகள் சந்தித்துக்கொள்வது சுலபம், சேர்வதுதான் கஷ்டம். ஏன் என்று பார்க்கப் போனால் அந்தப் படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் தூரம். இங்கிருந்து அந்தக் கொத்து ஏறத்தாழ 450 முதல் 500 மில்லியன் ஒளியாண்டு. இன்று நமக்கு வந்து சேரும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் மரம் என்று ஒன்று கிடையாது, தரையில் நடமாடும் முதுகெலும்புப் பிராணியும் கிடையாது. அவ்வளவு தூரத்தையும் வானியல்காரர்கள் அருகில் என்றுதான் சொல்வார்கள், அதை அப்புறம் பார்ப்போம். 1989இல் மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா இருவரும் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளின் தூரங்களை வரைபடமாகப் போட்டபோது, கேலக்ஸிகள் பல நூறு மில்லியன் ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு தகடுபோலப் பரவிக் கிடப்பதைக் கண்டு அதற்குப் பெருஞ்சுவர் என்று பெயர் வைத்தார்கள். ஹெர்குலிஸ் கொத்து அந்தச் சுவரின் ஒரு பகுதி.

சரி, இரண்டு கேலக்ஸிகள் பக்கத்தில் வந்தால் என்ன ஆகிறது? இதற்கு வானத்துக்குப் போக வேண்டாம், இங்கே சிங்கப்பூரில் உபின் தீவின் செக் ஜாவா கரைக்குப் போனால் போதும். தண்ணீர் நன்றாக வற்றும் நாளில் கடற்புல்லும் நட்சத்திர மீனும் வெளியே தெரிய, சில மணி நேரத்தில் அதே இடத்தில் அலை அடிக்கும். சந்திரன் பூமியை இழுக்கிறது, ஆனால் எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவுக்கு இழுப்பதில்லை. சந்திரனைப் பார்த்திருக்கும் பக்கத்தில் இழுப்பு கொஞ்சம் அதிகம், மறுபக்கத்தில் கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசம்தான் கடலை இரண்டு பக்கமும் லேசாக நீட்டிவிடுகிறது, இதுதான் ஓதம். மொத்த ஈர்ப்பை எடுத்துக்கொண்டால் சூரியன் பூமியை இழுப்பது சந்திரனைப்போல 180 மடங்குக்குக் கிட்ட, ஆனால் சூரியனால் வரும் ஓதம் சந்திரனுடையதில் பாதிகூட இல்லை. காரணம், ஓதவிசை தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் பாதியானால் விசை எட்டு மடங்கு. கேலக்ஸிகள் எட்ட இருக்கும்வரை ஒன்றும் நடக்காததுபோல இருந்து, ஒரு கட்டத்துக்கு மேல் நெருங்கியதும் திடீரென்று உருக்குலைவது இந்த மும்மடியால்தான்.

கேலக்ஸியில் இதே விசை, கடலுக்குப் பதில் நட்சத்திரங்கள். பக்கத்து கேலக்ஸியைப் பார்த்திருக்கும் பக்கத்து நட்சத்திரங்கள் முன்னே இழுபட்டு இரண்டுக்கும் நடுவே பாலம்போல நிற்கும், மறுபக்கத்தவை பின்தங்கி வாலாக நீளும். அன்டெனா கேலக்ஸிகள் என்று சொல்லப்படும் என்ஜிசி 4038, 4039 ஜோடியின் இரண்டு நீண்ட கொம்புகளும் அப்படிப் பிறந்தவைதான்.

இதை முதன்முதலில் கணக்குப் போட்டவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1941. கணினி கிடையாது. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் எரிக் ஹோம்பெர்க் ஒரு மேசைமேல் மின்விளக்குகளை அடுக்கினார், ஒரு கேலக்ஸிக்கு 37 விளக்கு, இரண்டு கேலக்ஸிக்கு 74. ஒளியின் செறிவும் ஈர்ப்பு விசையும் ஒரே விதியில் குறைகின்றன, தூரம் இரண்டு மடங்கானால் இரண்டுமே கால் பங்காகும். ஆகவே ஒரு விளக்கு இருக்கும் இடத்தில் ஒளி உணரியை வைத்து, எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளந்தால் அதுவே அந்த இடத்தில் ஈர்ப்பு எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதற்கான விடை. அளந்து, ஒவ்வொரு விளக்கையும் அதற்கேற்ப நகர்த்தி, மறுபடி எல்லாவற்றையும் அளந்து, மறுபடி நகர்த்தி... பொறுமை என்றால் அதுதான். அந்த விளக்குக் கூட்டங்களிலிருந்தும் கைகள் இழுபட்டு வந்தன. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. நெருங்கிக் கடக்கும் கேலக்ஸிகள் தங்கள் ஓட்டத்தின் ஆற்றலில் கொஞ்சத்தை இழக்கின்றன, போதுமான அளவு இழந்தால் ஒன்றிடம் இன்னொன்று மாட்டிக்கொள்ளும்.

1972இல் ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் இதைக் கணினியில் போட்டு, வானத்தில் தெரியும் விசித்திர ஜோடிகள் சிலவற்றின் வடிவத்தை அப்படியே வரவழைத்துக் காட்டினார்கள். கேலக்ஸி சுழலும் திசையிலேயே விருந்தாளியும் சுற்றி வந்தால் நீண்ட வால்கள் முளைக்கும், எதிர்த்திசையில் வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதும் அதிலேயே வெளிவந்தது. அதுவரை சிலர் அந்த வால்களுக்குக் காந்தப்புலம், வெடிப்பு என்று என்னென்னவோ காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உயர்நிலை மூன்று படிக்கும் என் அக்கா மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, அப்படி இடிச்சா நட்சத்திரம்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி வெடிச்சிடாதா?" என்றாள். நல்ல கேள்வி, ஏனென்றால் மோதல் என்று சொன்னவுடன் எல்லாருக்கும் அதுதான் தோன்றும். வெடிக்காது. நமக்கு அடுத்த நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, சூரியனுக்கும் அதற்கும் நடுவே சூரியன் அளவுள்ள உருண்டைகளை வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட 29 மில்லியன் வைக்கலாம். ஒரு கேலக்ஸியின் நட்சத்திரங்கள் இன்னொன்றின் நட்சத்திரங்களுக்கு நடுவே உரசாமல் போய்விடும். கேலக்ஸிகளின் நிலைமை வேறு. நம் பால்வீதிக்கும் ஆண்ட்ரோமீடாவுக்கும் உள்ள தூரம் 2.5 மில்லியன் ஒளியாண்டு, கேலக்ஸி ஒன்றின் அகலமோ சுமார் ஒரு லட்சம். அதாவது நடுவே ஒரு 25 கேலக்ஸிகளை வைத்தாலே நிரம்பிவிடும். அதனால்தான் நட்சத்திரங்கள் மோதாத பிரபஞ்சத்தில் கேலக்ஸிகள் அடிக்கடி மோதுகின்றன.

நிஜமாக மோதிக்கொள்வது வாயு மேகங்கள். ஹைட்ரஜன் மேகங்கள் பரந்து கிடப்பவை, அவற்றுக்கு விலகிப் போக இடம் இல்லை. மோதி, நசுங்கி, அடர்ந்து, கொத்துக்கொத்தாகப் புது நட்சத்திரங்களைப் பெறும். பெரிய, சூடான, நீல நிற நட்சத்திரங்கள் சில மில்லியன் ஆண்டுகள்தான் வாழும். ஆகவே ஒரு கேலக்ஸியின் கைகளில் நீலப் புள்ளிகள் தூவியிருந்தால் அங்கே வாயு இன்னும் மிச்சம் இருக்கிறது, பிரசவம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆர்ப் 272இன் கைகளில் அந்த நீலம் தெரிகிறது. இதை மறக்காதீர்கள், வாயுதான் பின்னால் கதையின் மையம்.

இப்போது வேகத்துக்கு வருவோம். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மாலை நேரக் கூட்டத்தில் நீங்கள் எஸ்கலேட்டரில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், எதிரே இறங்கும் எஸ்கலேட்டரில் பழைய நண்பர் வருகிறார். கையை நீட்டினால் விரலைத் தொடலாம், "எப்படி இருக்கீங்க" வரை சொல்லலாம், பதில் வருவதற்குள் அவர் கீழே போயிருப்பார். நெருக்கம் இருந்தது, நேரம் இல்லை. கொத்துக்குள் கேலக்ஸிகளின் பாடு அதுதான்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவு. கோமா மாதிரி ஒரு பெரிய கொத்தில் கேலக்ஸிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் ஓடுகின்றன. மொத்தக் கொத்தின் எடை அவ்வளவு, அந்த ஈர்ப்பில் விழுந்தால் அந்த வேகம் வந்தே தீரும். (1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இந்த வேகத்தைப் பார்த்துத்தான், கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் எடை இதற்குப் போதாது, தெரியாத பொருள் ஏதோ இருக்கிறது என்று சொன்னார். கரும்பொருள் பேச்சு அங்கே ஆரம்பம்.) நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்பது ஒளியின் வேகத்தில் முந்நூறில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள கேலக்ஸியைத் தாண்ட 30 மில்லியன் ஆண்டு. நம் சூரியன் பால்வீதியை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் சுமார் 230 மில்லியன் ஆண்டு. ஆக, விருந்தாளி வந்து போயேவிடுகிறார், வீட்டுக்கார நட்சத்திரங்கள் ஏழில் ஒரு பங்கு வட்டம்கூடச் சுற்றி முடிக்கவில்லை. அவற்றுக்கு லேசாக ஓர் உதை விழுந்ததோடு சரி.

சேர்வதற்கு வேண்டியது மெதுவான சந்திப்பு. இரண்டு கேலக்ஸிகளின் ஒப்பு வேகம், உள்ளே நட்சத்திரங்கள் சுற்றும் வேகத்தைப்போல, அதாவது நொடிக்கு ஓரிரு நூறு கிலோமீட்டர் அளவில் இருந்தால், கடக்கும் நேரம் நீளும். அந்த நேரத்தில் நட்சத்திரங்களும் சுற்றியிருக்கும் கரும்பொருளும் கலங்கி, கேலக்ஸியின் முழு ஓட்டத்திலிருந்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டம் தளர்ந்தால் தப்பிப் போக முடியாது, திரும்ப விழும், மறுபடி கலங்கும், கடைசியில் ஒன்றாகிவிடும். ஹோம்பெர்க்கின் விளக்குகள் சொன்னதும் இதைத்தான். சின்னக் குழுக்களில், மூன்று நான்கு கேலக்ஸிகள் மெதுவாக உலாவும் இடங்களில், இது சகஜமாக நடக்கும். பெரிய கொத்தின் நடுவில் நடக்காது. நடுவில் உட்கார்ந்திருக்கும் ராட்சத கேலக்ஸி மட்டும் விதிவிலக்கு, அது தன்னிடம் வந்து விழுபவற்றைத் தின்று பெருத்துக்கொண்டே இருக்கும்.

அதற்காக, கொத்துக்குள் வந்த சுருள் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சேர முடியாதே தவிர, சிதைவுக்கு அங்கே குறைவில்லை.

ஒன்று, மேலே சொன்ன லேசான உதைகள். ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் கொத்தில் கேலக்ஸிகள் எக்கச்சக்கம், காலமும் பில்லியன் கணக்கில். 1996இல் பென் மூர் குழுவினர் கணினியில் செய்துபார்த்தபோது, வேகமாகக் கடந்துபோகும் சந்திப்புகள் திரும்பத் திரும்ப நடந்து, சிறிய சுருள்களின் தட்டையான வடிவத்தையே கெடுத்து உருண்டையாக்கிவிடும் என்று தெரிந்தது.

இரண்டாவது இன்னும் மோசம், எதிர்க்காற்று. கொத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே காலி இடம் என்று நாம் நினைக்கும் இடமெல்லாம் பத்து முதல் நூறு மில்லியன் டிகிரி வரை கொதிக்கும் மிக மெல்லிய வாயு. முக்கியமாக எக்ஸ் கதிர்களில்தான் தெரியும், ஆனால் அதன் மொத்த எடை கொத்தில் உள்ள எல்லா நட்சத்திரங்களின் எடையையும்விட அதிகம். அதற்குள் ஒரு சுருள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டரில் பாய்ந்தால் அந்த மெல்லிய வாயுவே முகத்தில் அறையும் காற்றாக மாறிவிடுகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 1972இலேயே ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். நட்சத்திரங்களை அந்தக் காற்றால் ஒன்றும் செய்ய முடியாது, அவை அதற்குக் கண்ணுக்கே தெரியாத புள்ளிகள். கேலக்ஸியின் சொந்த வாயு மட்டும் உரிந்து பின்னால் பறந்துவிடும்.

220 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் ஏபெல் 3627 கொத்துக்குள் விழுந்துகொண்டிருக்கும் ஈஎஸ்ஓ 137-001இன் படத்தைத் தேடிப் பாருங்கள். சுருள் அப்படியே இருக்கிறது, அதன் பின்னால் நீல நீலமாக இழைகள் தொங்குகின்றன. உரிந்து போன வாயு, கேலக்ஸிக்கு வெளியே போன பிறகும் அங்கங்கே அடர்ந்து நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. எக்ஸ் கதிரில் பார்த்தால் அந்த வால் இரண்டு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீளும். வாயு போய்விட்டால் புது நட்சத்திரம் கிடையாது, நீலம் மங்கும், கைகள் மங்கும், பழைய சிவந்த நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சும். 1980இல் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை எடுத்து எண்ணிப் பார்த்தபோது வந்த விடையும் இதோடு பொருந்துகிறது. கேலக்ஸிகளின் நெருக்கம் கூடக்கூடச் சுருள்கள் குறைகின்றன, கொத்துகளின் நெரிசலான நடுப்பகுதியில் அவை அபூர்வம்.

இப்போது ஹெர்குலிஸ் கொத்துக்குத் திரும்பினால் ஒரு முரண் தெரியும். அங்கே சுருள்கள் அபூர்வம் இல்லை, தாராளமாக இருக்கின்றன. 2012இல் சிலியின் பரனால் மலையிலிருந்து 2.6 மீட்டர் விஎஸ்டி தொலைநோக்கி எடுத்த அகலமான படத்தில் நீலச் சுருள்கள் இறைந்து கிடக்கின்றன. கோமாவின் நடுவே என்ஜிசி 4874, 4889 என்று இரண்டு ராட்சதங்கள் ஆட்சி செய்வதுபோல இங்கே யாரும் இல்லை. வடிவமும் ஒழுங்கில்லை, ஒரே உருண்டையாக இல்லாமல் துணைக்கூட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது. இதற்குப் பொருத்தமான விளக்கம் ஒன்றுதான், கொத்து இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. வெளியிலிருந்து சின்னக் குழுக்கள் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன, அவற்றோடு வந்த சுருள்கள் இன்னும் வாயுவைப் பறிகொடுக்கவில்லை.

அதனால் அந்தக் கொத்துக்குள் ஒரு ஜோடி நிதானமாக ஒன்றையொன்று சுற்றுவதாகத் தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அவை கொத்துக்கு வந்த பிறகு சந்தித்தவை இல்லை, வரும்போதே ஜோடியாக வந்தவை என்பதைத்தான். திருமணம் ஊரிலேயே நிச்சயமாகிவிட்டது, நகரத்துக்கு வந்தது பிறகு.

இது வெறும் ஊகம் இல்லை. நிஜமாகவே தூரத்தில் இருக்கும் கொத்துகளைப் பார்த்தால் இதற்குச் சான்று கிடைக்கிறது. எம்எஸ் 1054-03 என்ற கொத்தின் செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்சம் விரிவதால் அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, 0.83, ஒளி கிளம்பி ஏறத்தாழ 7 பில்லியன் ஆண்டு. 1999இல் பீட்டர் வான் டாக்கும் குழுவினர் ஹப்பிள் படங்களில் அதை அலசியபோது, பிரகாசமான கேலக்ஸிகளில் 17 சதவீதம் மோதிச் சேர்ந்துகொண்டிருக்கும் நிலையில் பிடிபட்டன. நம் காலத்துப் பெரிய கொத்துகளோடு ஒப்பிட்டால் மிக அதிகம். அதைவிட முக்கியம், அந்த ஜோடிகள் பெரும்பாலும் கொத்தின் நடுவில் இல்லை, வெளிப்பகுதியில் இருந்தன. உள்ளே விழுந்துகொண்டிருக்கும் சின்னக் கூட்டங்களில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தவை, நடுப்பகுதியின் வேகம் பிடிப்பதற்கு முன்னாலேயே சேர்ந்துகொண்டிருந்தவை. அந்தக் காலத்தில் பல கொத்துகள் இளமையாக இருந்தன, ஹெர்குலிஸ் இன்றைக்கும் அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் இருக்கிறது. தூரத்துக் கொத்துகளில் மங்கலாகத் தெரிவதை அருகிலேயே விவரமாகப் பார்க்க முடிவதுதான் ஏபெல் 2151இன் பயன்.

நமக்கு இன்னும் அருகில், 60 மில்லியன் ஒளியாண்டில், கன்னிக் கொத்துக்குள் என்ஜிசி 4567, 4568 என்று ஒரு ஜோடி இருக்கிறது, பட்டாம்பூச்சி கேலக்ஸிகள் என்பார்கள். 2022இல் ஹவாயிலுள்ள ஜெமினி நார்த் தொலைநோக்கி எடுத்த படத்தில் இரண்டு சுருள்களும் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு V எழுத்துபோல நிற்கும். கொத்துக்குள்தான் இருக்கின்றன, ஆனாலும் நம்மைவிட்டு விலகும் வேகம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் இவை சேர்ந்தே தீரும், இன்னும் 500 மில்லியன் ஆண்டு வாக்கில் ஒரே நீள்வட்ட கேலக்ஸி ஆகிவிடும் என்று கணக்கு. கொத்துக்குள் எங்கே இருக்கின்றன என்பதைவிட ஒன்றுக்கொன்று என்ன வேகம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

சரி, ஆர்ப் 272 எந்த வகை? இங்கேதான் படம் ஏமாற்றும். படத்துக்கு ஆழம் கிடையாது. நீர்ப்பாம்பு விண்மீன்குழுவின் திசையில் என்ஜிசி 3314 என்று ஒன்று உண்டு, பார்த்தால் இரண்டு சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மோதுகிற மாதிரியே இருக்கும். உண்மையில் ஒன்று 117 மில்லியன் ஒளியாண்டில், இன்னொன்று 140 மில்லியன் ஒளியாண்டில். நடுவே 23 மில்லியன் ஒளியாண்டு இடைவெளி, நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக ஒன்றை ஒன்று மறைக்கிறது, அவ்வளவுதான். முன்னால் இருப்பதன் தூசிக் கோடுகள் பின்னால் இருப்பதன் ஒளியில் கறுப்பு நிழலாக விழுகின்றன, ஆனால் இரண்டின் வடிவமும் ஓதவிசையால் கெட்டதாகத் தெரியவில்லை. ஸ்டீஃபன் ஐவர் என்ற ஐந்து கேலக்ஸிகளின் கூட்டமும் அப்படித்தான். 2022இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படம் வந்தபோது எல்லாரும் ஐந்து கேலக்ஸிகளின் நடனம் என்று பகிர்ந்தார்கள். அதில் என்ஜிசி 7320 வெறும் 40 மில்லியன் ஒளியாண்டில் இருக்கும் வழிப்போக்கர், மற்ற நான்கும் அதைவிட ஏழு மடங்கு தள்ளி.

செம்பெயர்ச்சியை அளந்தால் தூரம் தெரிந்துவிடுமே என்பீர்கள். வெளியே அது சரி, கொத்துக்குள் அந்தக் கணக்கு குழம்பும். விலகும் வேகத்தில் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் பிரபஞ்ச விரிவுக் கணக்கில் ஏறத்தாழ 45 மில்லியன் ஒளியாண்டு இடைவெளி. ஆனால் கொத்துக்குள் கேலக்ஸிகள் சொந்தமாகவே அந்த வேகத்தில் முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஒரே இடத்தில் இருந்துகொண்டு எதிரெதிரே பாய்கின்றனவா, முன்னும் பின்னுமாக நிற்கின்றனவா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கை, இந்த ஜோடிக்குப் பெயர் கொடுத்த ஹால்டன் ஆர்ப், 1966இல் 338 விசித்திரக் கேலக்ஸிகளின் படத்தொகுப்பை வெளியிட்டவர், பிற்காலத்தில் செம்பெயர்ச்சியைத் தூரமாக எடுத்துக்கொள்வதையே எதிர்த்து வாதாடினார். இணைந்ததுபோலத் தெரியும் பொருள்களின் செம்பெயர்ச்சி வேறு வேறாக இருப்பதைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டார். அந்த வாதம் நிற்கவில்லை. அவர் தேடிப் பிடித்த கேலக்ஸிகள் நின்றுவிட்டன, இன்றைக்கும் மோதல் ஆராய்ச்சிக்கு அந்தத் தொகுப்புதான் முதல் பட்டியல்.

ஆகவே வடிவத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பாலம் இருக்கிறதா, வால் இருக்கிறதா, தட்டு வளைந்திருக்கிறதா, ரேடியோவில் ஹைட்ரஜன் வாயு எந்தப் பக்கம் எந்த வேகத்தில் ஒழுகுகிறது. ஆர்ப் 272இல் கைகள் இணைந்திருப்பதாகத் தெரிகிறது, ஆனால் அன்டெனா ஜோடிபோல நீண்ட வால்கள் இல்லை, இரண்டு தட்டுகளும் பெரும்பாலும் ஒழுங்காகவே சுழல்வதாகத் தோன்றுகிறது. என் கணிப்பில் இது சந்திப்பின் ஆரம்பமாக இருக்கலாம், அல்லது வேகமாகக் கடக்கும் சந்திப்பாக இருக்கலாம். கட்டியணைத்தாயிற்று என்று எழுதி அனுப்புவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

நம் கதையும் வேகத்தில்தான் தொங்குகிறது. ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, இதுவரை பார்த்த கணக்கில் அது நிதானமான நடை. நாம் பெரிய கொத்தில் இல்லை, சின்னக் குழுவில் இருக்கிறோம், எனவே மோதினால் சேர்வது உறுதி. மோதுமா என்பதுதான் கேள்வி. 2012இல் நிச்சயம் என்றார்கள். 2025இல் வெளிவந்த ஆய்வு, பக்கவாட்டு இயக்கத்தையும் அருகிலுள்ள மற்ற கேலக்ஸிகளின் இழுப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அடுத்த 10 பில்லியன் ஆண்டில் மோதும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்கிறது.

இதையெல்லாம் இங்கிருந்து பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: ஜூன் பின்பாதியில் இரவு பதினொரு மணி வாக்கில் ஹெர்குலிஸ் கொத்து சிங்கப்பூரில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே, உச்சியிலிருந்து 16 டிகிரி வடக்கே இருக்கும். இடம் அருமை, வானம்தான் இல்லை. 2016இல் வந்த உலக ஒளி மாசு வரைபடத்தில் முதலிடம் நமக்கு, இந்தத் தீவில் எங்கே நின்றாலும் கண் முழுசாக இருட்டுக்குப் பழகவே விடாது. பல ஆர்வலர்கள் காரை எடுத்துக்கொண்டு மலேசியாவின் மெர்சிங் பக்கம் போவது அதனால்தான். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் நிலவில்லாத இரவு கிடைத்தால் எட்டு அங்குலத் தொலைநோக்கியிலேயே பட்டாம்பூச்சி கேலக்ஸிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மங்கல் திட்டுகளாகத் தெரியும், நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள். ஆர்ப் 272 அதைவிடப் பல மடங்கு மங்கல், கண்ணால் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும். கேமரா வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். சில மணி நேரம் ஒளியைச் சேர்த்தால் சின்னத் தொலைநோக்கியிலும் அந்தக் கொத்து படத்தில் விழுகிறது, அதில் எந்தப் புள்ளி சுருள், எந்தப் புள்ளி நீள்வட்டம் என்று பிரித்து எண்ணுவதற்கே ஒரு வாரக்கடைசி ஓடிவிடும்.